வாடைக்கு வாருங்கள்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, கனடாவிலும் லண்டனிலும் உழைத்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என்னோடு படித்த எல்லோருக்கும்,

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஓகஸ்டில் வராதீர்கள். ஒக்டோபரில் வாருங்கள். வந்தால் தைப்பொங்கல் முடியும் வரைக்கும் நில்லுங்கள். உடம்பும் வீட்டு நிலைமையும் இடம்தந்தால் சிவராத்திரி மட்டும் நில்லுங்கள். கோணேசர் நகர்வலம் வருவதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கோடையில்தான். அதனால் பல வருடமாக ஓகஸ்டிலேயே வந்து பழகிவிட்டீர்கள். அன்று அதைவிட வேறு வழி இருக்கவில்லை. இன்று பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பழைய கணக்கிலேயே இரண்டு கிழமை, மூன்று கிழமை என்று வந்து போகிறீர்கள். ஓகஸ்ட் கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம். புல் கருகியிருக்கும், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். உப்புவெளியும் நிலாவெளியும் வெளிநாட்டுப் பயணிகளால் நிரம்பி, அறை வாடகை உச்சத்தில் நிற்கும். கோணேசர் கோயில், கன்னியா, ஒரு கலியாண வீடு, நாலு இடத்தில் துக்கம் விசாரிப்பு என்று ஓடி முடிவதற்குள் கொழும்புக்குப் போகும் வான் வாசலில் வந்து நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பலர் செருப்பைக் கழற்றாமலே விறாந்தையில் நின்று கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் குறையில்லை. நேரம்தான் அவர்களிடம் இல்லை.

இதை எழுதத் தூண்டியது ரொறன்ரோவில் இருக்கும் என் பள்ளித்தோழி ஒருத்தியின் கடிதம். தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கணவரோடு இத்தாலிக்குப் போய், உம்பிரியாவில் ஒரு கமக்காரரின் வீட்டில் இலையுதிர்காலம் முழுவதும் தங்கியிருக்கிறாள். அங்கே ஒக்டோபரும் நவம்பரும் ஒலிவ் காய் பறிக்கும் மாதங்கள். மரத்தடியில் வலையை விரித்து, கொப்பைச் சீவி உதிர்த்து, அன்றோ மறுநாளோ ஆலைக்குக் கொண்டுபோய்ப் பிழிவார்களாம். புது எண்ணெய் பச்சை நிறம், தொண்டையில் காறும், அதைச் சுட்ட பாணில் ஊற்றித் தின்பார்கள் என்று எழுதியிருந்தாள். மழை பெய்த நாட்களில் வீட்டுக்காரியோடு குசினியில் இருந்து மொழி தெரியாமலே கதைத்தாளாம். ஓர் ஊரின் ஒரு பருவத்தை முழுதாக இருந்து பார்த்தது அவளுக்குப் பெரிய சந்தோசம். வாசித்தபோது எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. கூடவே ஓர் ஏக்கமும் வந்தது. அவள் பிறந்த ஊரின் மாரிகாலத்தை அவள் கடைசியாகப் பார்த்தது இளம்பெண்ணாக இருந்தபோது. அவளுக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, அது உங்கள் எல்லோருக்கும் உரியது என்று பட்டது.

நம்முடைய துறைமுகத்தின் பெருமையை எல்லோரும் சொல்கிறோம். அது எந்த மாதங்களுக்கான துறைமுகம் என்பதை யாரும் சொல்வதில்லை. பாய்க்கப்பல் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் நாகபட்டினத்திலும் கப்பல்கள் நின்றது திறந்த கடலில். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பினால் அங்கே ஒதுங்க இடமில்லை; நங்கூரம் அறுந்து கரையில் மோதிச் சிதறிய கப்பல்கள் ஏராளம். அந்த மாதங்களில் ஒரு படையையே உள்ளே வாங்கிக் காக்கக்கூடிய ஆழமும் மலை அணைப்பும் கொண்ட இயற்கைத் துறை இந்தப் பக்கத்தில் நம்முடையதுதான். அதற்காகத்தான் 1782இல் இந்தச் சின்ன ஊரில் ஒரே ஆண்டில் மூன்று கொடிகள் ஏறின. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் தலைமையில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் இரண்டு படைகளும் மோதின. போர் ஓய்ந்த பின் மறுபடி ஒல்லாந்தர் கை. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். இத்தனை இரத்தமும் வாடைக்காலத்தில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் சிந்தியது. உலகத்துக் கப்பல்களெல்லாம் மாரியைக் கழிக்கத் தேடிவந்த ஊர் இது. இங்கே பிறந்த நீங்களோ மாரி தொடங்குமுன் போய்விடுகிறீர்கள்.

டிசெம்பரில் ஒரு பின்னேரம் மழை விட்டதும் வெளியே இறங்கி நடந்து பாருங்கள். டச்சுக்குடாப் பக்கம் கடல் கலங்கி மண்நிறமாகி, அலை மணலை அறுத்துக்கொண்டு மேலே ஏறும். காற்று சாரத்தையும் சீலையையும் பிடித்து இழுக்கும். பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டும். அங்கிருந்து ஊருக்குள் திரும்பிச் சிறிது நேரம் நடந்தால் உட்துறைமுக வீதி. அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும். எதிரே மலைகள் கழுவி வைத்தது போலப் பச்சை. நடக்கும் தூரத்துக்குள் இரண்டு கடல். ஓகஸ்டில் வருபவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நீலமாகத் தெரிவதால் இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் உண்டானது என்பதே பிடிபடாது.

மாரியில் கரைவலைக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். பெரிய மீன் குறைவு, விலையும் கூட. ஆனால் தம்பலகாமக் குடாவிலிருந்தும் கொட்டியாரக் குடாவிலிருந்தும் இறாலும் நண்டும் வரும். முருங்கையிலை போட்ட நண்டுக்கறியை வியர்வை வடிய வடியச் சாப்பிடுவதும், வெளியே மழை சோவென்று பெய்யும்போது சாப்பிடுவதும் ஒன்றல்ல என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம்முடைய நல்லநாள் பெருநாள் எல்லாம் இந்த மாதங்களுக்குள்தான் இருக்கின்றன. நவராத்திரிக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலில் சனம் திரளும். தீபாவளியோடு கௌரி காப்பு, அடுத்து கந்தசஷ்டிக்கு வில்லூன்றிக் கந்தசுவாமி கோயில், பிறகு கார்த்திகை விளக்கீடு, பிள்ளையார் கதை. மார்கழியில் திருவெம்பாவை. விடியப்புறம், நாய்கூட எழும்பாத நேரத்தில், சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வரும். இருட்டில் முதலில் சத்தம்தான் வரும். பின்னால் ரோச் வெளிச்சம். அதற்குப் பின்னால் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நாலைந்து பெடியன்கள். சங்கு ஊதுகிறவன் அனேகமாக மற்றவர்களைவிடச் சின்னவனாக இருப்பான். கன்னம் உப்பி, மூச்சு முட்டி, ஆனாலும் சங்கை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான். எங்கள் ஒழுங்கையில் தேத்தண்ணி போட்டு வைத்துக் காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. உங்களில் பலர் அந்தச் சங்கை ஊதியவர்கள்தான். உங்கள் வீட்டு வாசலில் இப்போது அவர்கள் நிற்காமல் போகிறார்கள், உள்ளே ஆள் இல்லாததால்.

ஊரை விட்டுச் சற்று வெளியே போக விரும்புகிறவர்களுக்குத் தம்பலகாமம் இருக்கிறது. என் தோழி இத்தாலியில் கண்டதற்கு ஈடான ஒன்றை நான் அங்கேதான் கண்டிருக்கிறேன். கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய வயல்கள். முதல் மழையோடு உழவு, விதைப்பு. கார்த்திகையில் பச்சை பிடிக்கும். மார்கழியில் வரம்பு தெரியாது. இராப்பொழுதில் பன்றிக்கும் யானைக்கும் பரணில் காவல். தைப்பூசத்தில் புதிர் எடுப்பு. புது நெற்கதிரைக் கொண்டுவந்து சாமிக்கு வைத்து, புது அரிசியில் பொங்கி உறவுக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பிடுவார்கள். விதைப்பைப் பார்த்தவர் புதிரையும் இருந்து சாப்பிட்டால் அந்தச் சோற்றின் ருசியே வேறு. அதற்கு நாலு மாதம் வேண்டும். ஆதிகோணநாயகர் கோயிலடியில் ஒரு காலைப்பொழுது இருந்து பாருங்கள், வயலிலிருந்து ஏறி வருகிற ஆட்களின் காலில் ஒட்டிய சேறு படிக்கட்டில் காய்ந்து கிடக்கும்.

மூதூருக்குப் போக லோஞ்சுக்குக் காத்து நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். இப்போது தரைவழியாகவே கிண்ணியா தாண்டி மூதூர் போகலாம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் உங்களோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்களை விசாரிக்கிறார்கள்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன், எனக்கு மனதை அறுக்கிற விசயம் இதுதான். உவர்மலையிலும் ஏகாம்பரம் வீதியிலும் சிவன் கோயிலடியிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உங்களுடையவை. பூட்டிய வீட்டை வெயில் கெடுப்பதில்லை, மாரிதான் கெடுக்கிறது. ஓர் ஓடு விலகினால் போதும். தண்ணீர் சிலாகையில் இறங்கி, அங்கிருந்து வளையில் இறங்கி, அடுத்த வருடம் கறையான் ஏறும். கிணற்றுக் கட்டில் ஆலங்கன்று முளைக்கும். விரல் மொத்தத்தில் பிடுங்கினால் போகும், கை மொத்தத்தில் விட்டால் கட்டையே பிளக்கும். பார்க்கச் சொல்லிவிட்டுப் போன ஆள் வளவைக் கூட்டுவார், வாசலில் விளக்கேற்றுவார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். மழை பெய்யும்போது கூரைக்குக் கீழே ஒருவர் அண்ணாந்து பார்த்தால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். நீங்கள் ஓகஸ்டில் வந்து பார்க்கும்போது கூரை காய்ந்து, வீடு நல்லாயிருப்பது போலத் தெரியும். வெள்ளை அடித்துவிட்டுப் போவீர்கள். வெள்ளைக்கு அடியில் வளை உளுத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் ஆள் இருந்தால் ஒழுங்கையே மாறும். பின்னேரம் ஆறரைக்கு ஒரு விறாந்தையில் வெளிச்சம் தெரிந்தால், ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள் அந்த வழியால் பயமில்லாமல் நடப்பார்கள். மீன்காரர் சைக்கிளைத் திருப்புவார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற கிழவிக்கு ஒரு சத்தம் கேட்கும். கோட்டைக்குள்ளிருந்து மான்கள் இப்போது ஊருக்குள் வந்து வீதியோரக் குப்பையைக் கிளறுகின்றன. எங்கள் பக்கத்திலும் வந்து, பூட்டிய வளவுகளின் வேலிக்குள் புகுந்து படுக்கின்றன. மானுக்கு இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மான் படுக்கிற முற்றத்தில் கோலம் போட்டவர்களை நான் அறிவேன், அதுதான் வருத்தம்.

ஆகவே ஹோட்டலில் தங்காதீர்கள். வீடு இருக்கிறவர்கள் வீட்டைத் திறவுங்கள். இல்லாதவர்கள் ஒரு சிறிய வீட்டை, ஒரு மேல்மாடியை, நாலைந்து மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். இத்தாலியில் 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: கமம் செய்கிறவர்கள் தங்கள் வீட்டில் விருந்தினரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஆனால் கமமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். என் தோழி தங்கியதும் அப்படியான வீட்டில்தான். ஊரின் வேலை ஓயக்கூடாது, வந்தவர் அந்த வேலைக்குள்ளே இருந்துவிட்டுப் போகவேண்டும் என்பது அதன் நோக்கம். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது. நீங்கள் வந்தாலும் அப்படியே வாருங்கள். பாண் கொண்டுவருகிற பெடியனிடம் பாண் வாங்குங்கள். சந்தைக்கு நடந்து போங்கள். வாசிகசாலையில் பேப்பர் பாருங்கள். ஓட்டோக்காரர் வெளிநாட்டுக் காசைக் கேட்டால் ஊர்ப் பேச்சில் பேரம் பேசுங்கள். மூன்றாம் நாள் அவரே உங்களை மாமா என்று கூப்பிடுவார்.

உங்களில் பலர் ஏன் நீண்டநாள் நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் விமானக் காசும் வெயிலும் மட்டும் அல்ல. 1983, 1990, 2006 என்று வருடத்தைச் சொன்னாலே போதும், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வரும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் பதினேழு தொண்டு நிறுவனப் பணியாளர்கள். நீதி இன்னும் வரவில்லை. அந்தக் கடற்கரையில் காலாற நடக்க மனம் வராது என்றால் அதை நான் மறுக்கமாட்டேன். மறக்கச் சொல்லி எழுதவும் இல்லை. நான் சொல்வது வேறு. இரண்டு கிழமைப் பயணத்தில் துக்கத்துக்கு நேரமில்லை. அதைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்பிப் போகிறீர்கள், அடுத்த முறையும் அது அங்கேயே நிற்கிறது. பிள்ளையை இழந்த ஒரு தாயின் வீட்டுக்கு ஒரு நாள் போனால் அவர் தேத்தண்ணி தருவார், நலம் விசாரிப்பார். திரும்பத் திரும்பப் போனால்தான் பிள்ளையைப் பற்றிக் கதைப்பார். பெற்றோர் வெளிநாட்டில் காலமாகி, காடாற்றும் கடமைகள் எல்லாம் அங்கேயே அவசரமாக முடித்தவர்களும் இருக்கிறீர்கள். அவர்களுக்குக் கன்னியா இருக்கிறது: ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நம் ஆட்கள் காலம்காலமாக அந்தியேட்டிக்குப் போன இடம். அங்கே உரிமைப் பிணக்குகள் நடப்பதை அறிவீர்கள். அந்த இடத்துக்கு நம்மவர் போய்வருவது இந்நாளில் முக்கியம்.

உடம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாரியில் நுளம்பு, அதனோடு டெங்கு. வலையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். மாவட்டப் பொது வைத்தியசாலை ஊருக்குள் இருக்கிறது. தனியார் இடங்களில் நிபுணர்களைக் காசு கட்டிப் பார்க்கலாம். ஆனால் இதயம், பெரிய சத்திரசிகிச்சை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போகத்தான் வேண்டும். அண்மையில் பெரிய சிகிச்சை செய்தவர்கள் உங்கள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படவேண்டாம். எழுபது தாண்டியவர்களுக்குப் பயணக் காப்புறுதி விலை கூட. அதையும் செலவில் சேர்த்துப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வரும், மின்சாரம் போகும். 1964 டிசெம்பர்ப் புயலைக் கண்டவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள், ஆகையால் அதைப் பற்றி நான் விரிக்கவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் சுற்றுலா விசாவை முதலில் 30 நாளுக்கு எடுத்துப் பின்னர் நீடிக்கிறார்கள். இரட்டைக் குடியுரிமை 2015இலிருந்து மறுபடி கொடுக்கிறார்கள். 55 வயதைக் கடந்தது அதற்கு ஒரு தகுதி. அதை எடுத்தவர்களுக்கு விசாக் கவலை இல்லை.

கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நீங்கள் அனுப்பிய காசை ஊர் மறக்கவில்லை. இனிமேல் நான் கேட்பது உங்கள் பொழுதையும் நினைவுகளையும். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கைமாறியது. டொக்யாட்டை நம்பியிருந்த குடும்பங்கள் அதன் பின் எப்படிச் சீவித்தன, யார் யார் எங்கே போனார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. உங்கள் தகப்பன்மார் அங்கே பொருத்துநராக, எழுதுவினைஞராக, காவல்காரராக இருந்தார்கள். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது சனம் காட்டுக்கு ஓடியதையும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும் அவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இங்கே உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தாங்கிகளைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள். 2022இல் எத்தனை தாங்கி யாருக்கு என்று ஒப்பந்தம் எழுதியது மட்டும் செய்தியில் வந்ததால் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின கதை தெரியாது. ஒரு வாசிகசாலையில் ஒரு மேசையைச் சுற்றி, கிழமையில் ஒரு பின்னேரம், நீங்கள் நாலு பேர் இருந்து கதைத்தால் எழுதி எடுக்க ஆட்களை நான் ஒழுங்கு செய்வேன்.

தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊரவர். சென்னையில் இருந்துதான் எழுதினார். வெளியே போய்ச் சாதித்த பிள்ளைகள் இந்த ஊருக்குப் புதிதல்ல. வெளியிலிருந்து வந்து இங்கே ஒன்றிப்போனவர்களும் உண்டு. 1956இல் கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் துண்டுகளை மைக் வில்சனோடு கண்ட ஆர்தர் சி. கிளார்க், 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவிலேயே வாழ்ந்தார். கடலுக்கு அடியில் கிடந்ததை அவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக் கண்டுவிடவில்லை. ஓயாமல் இறங்கியதால் கண்டார்கள்.

வரப்போகிறவர்கள் ஓகஸ்ட் முடிவதற்குள் எனக்கோ ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ எழுதிவிடுங்கள். செப்டெம்பரில் ஓடு மாற்றுகிறவர்களைப் பிடிக்கவேண்டும். முதல் மழைக்குப் பிறகு அவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், ஆள் கிடைக்காது. கிணறு இறைப்பதும் தண்ணீர் ஊறுமுன் செய்யவேண்டிய வேலை. திறப்பு யாரிடம் இருக்கிறது, வீட்டில் எந்த அறை நல்லாயிருக்கிறது, மாடிப்படி ஏற முடியுமா, என்ன மருந்து குளிரில் வைக்கவேண்டும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். நுளம்பு வலை இங்கேயே வாங்கலாம், கொண்டுவரத் தேவையில்லை.

அன்போடு,
உவர்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை